மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பது பற்றி இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குச் சோறு போட்டது எஃகுதான். மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன்பு, சம்பளம் வாங்கிய கையோடு அங்கே போய்ப் பழைய உளி, அளவுகோல் என்று கிளறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கத்திப் பித்தும் ஒட்டிக்கொண்டது.

*

என் தாத்தா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பேனாக்கத்தி கிடைத்தது. இரண்டு அலகு. பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் இருக்கின்றன. 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்' என்றும் 'ஷெஃபீல்டு' என்றும் ஆங்கிலத்தில் உள்ளது. வெள்ளைப் பிடி, எலும்பா தந்தமா தெரியவில்லை. எவ்வளவு பழையது? என்ன விலை போகும்?
— வாசகி, பொள்ளாச்சி

அம்மா, முதலில் அதை யாரிடமும் 'சுத்தம் பண்ணிக் கொடுங்க' என்று கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்தது ராட்ஜர்ஸ் முத்திரைதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளில் இவர்களை மிஞ்சிய பெயர் கிடையாது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்குக் கத்தி செய்து தருகிறவர்கள் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 'வருஷக் கத்தி' என்று ஒன்று செய்தார்கள். அதில் 1822 அலகுகள். அதற்குப் பிறகும் அதில் அலகுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அது தங்கள் திறமையைக் காட்டுவதற்காகச் செய்தது. வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது உங்கள் தாத்தா வைத்திருந்த மாதிரியான சின்னப் பேனாக்கத்திகளை. அவை இந்தியாவுக்கு ஏராளமாக வந்தன.

வயதைக் கண்டுபிடிக்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு லென்ஸ் வேண்டும். வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரம் உட்கார்ந்து, அலகு பிடிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறதா? 'வி', 'ஆர்' என்றால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901க்கு முன். 'ஜி', 'ஆர்' என்றால் 1910க்குப் பிறகு வந்த ஜார்ஜ் மன்னர்கள் காலம். அது 1952 வரைக்கும் போகலாம். 'ஈ', 'ஆர்' என்றால் கொஞ்சம் குழப்பம்: 1901 முதல் 1910 வரை ஆண்ட எட்வர்டாகவும் இருக்கலாம், 1952க்குப் பிறகு வந்த எலிசபெத்தாகவும் இருக்கலாம். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் எங்காவது இருந்தால் பழங்கதையை விட்டுவிடுங்கள். அந்த எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் 1913இல்தான் உருக்கினார். 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயரும் ஒரு தடயம். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்ட பிறகுதான் அது பரவலாயிற்று. ஆனால் இந்தியாவுக்கு அனுப்பிய சரக்கில் அந்தப் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது.

ராட்ஜர்ஸ் என்ற பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்னொரு நிறுவனத்தின் கையில், அதே ஊரில், அந்தப் பெயரில் இப்போதும் கத்திகள் வருகின்றன. எனவே முத்திரை மட்டும் பார்த்து 'நூறு வருஷம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்திரையின் விளிம்பு, அலகின் தேய்மானம், ஆணிகள் எல்லாம் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்.

பிடி விஷயம். லென்ஸில் கறுப்புக் கறுப்பாகச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் மாட்டு எலும்பு. ரத்தக் குழாய் ஓடிய வழிகள் அவை. தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இருக்காது. பிடியின் முனை வெட்டுப்பக்கத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே சீராக ஓடினால் தந்தம் போலச் செய்த செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். செல்லுலாய்டு என்றால் பற்றி எரியும். தந்தம் என்று உறுதியானால் விற்கிற பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

விலையைச் சொல்லித் தங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சின்ன ராட்ஜர்ஸ் பேனாக்கத்திகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அலகு சாணை பிடித்தே பாதியாகத் தேய்ந்திருந்தால் சேகரிப்பாளர் கையிலேயே எடுக்க மாட்டார். உங்கள் தாத்தா எந்த எஸ்டேட்டில், எந்த வருஷத்தில் இருந்தார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். யாருடைய கத்தி என்று தெரிந்த கத்திகள் மிகக் குறைவு. என் பெட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு காகிதம் இல்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

*

சந்தையில் ஒரு பழைய ஜெர்மன் மடக்குக் கத்தி வாங்கினேன். அலகு கறுத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் விலை கூடும் என்கிறார் நண்பர்.
— வாசகர், ஈரோடு

விலை கூடாது, போய்விடும். பழைய கத்தியைக் கெடுப்பதில் துருவைவிடப் பெரிய எதிரி உப்புத்தாளும் பாலிஷ் சக்கரமும்தான் என்பது என் தீர்மானமான கருத்து. துருப்பிடித்த கத்தியையாவது காப்பாற்றலாம்.

கருமை வேறு, துரு வேறு. சாதாரண கார்பன் எஃகு எலுமிச்சம்பழம், மாங்காய், வெங்காயம் எல்லாம் பட்டுப் பட்டு நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். அது மேலே படிந்த மெல்லிய படலம். அது இருப்பதால் செந்துரு சீக்கிரம் ஏறாது. விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். செந்துரு அப்படியில்லை, சொரசொரப்பாக இருக்கும், விரலில் ஒட்டும், எஃகைத் தின்றுகொண்டே உள்ளே போகும். கருமையை விட்டுவிடுங்கள், துருவை மட்டும் எடுங்கள்.

தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் மூங்கில் குச்சியைச் சீவி, துரு இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு செப்புத் துண்டு. செம்பு எஃகைவிட மென்மை, கீறல் விழாது. பிடிக்கு உள்பக்கம் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு இருந்தால் பல் குச்சி போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாள்பட்டால் பிசுபிசுவென்று கெட்டியாகி அலகு மடங்கும் இடத்தை இறுக்கிவிடும். தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது.

அந்தக் காலத்து நல்ல தொழிற்சாலைகள் அலகுக்குக் கடைசியாக இரும்பு ஆக்ஸைடுப் பொடி போட்டுக் கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றின. அதன் மேல் உப்புத்தாள் ஒரு தடவை பட்டால் போச்சு. அந்த மெருகை உங்களாலும் என்னாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. முத்திரையின் விளிம்பும் மழுங்கிப் போகும். முத்திரை மழுங்கிய கத்தி எங்கே, எப்போது பிறந்தது என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போய்விடும்.

*

சுவிஸ் ராணுவக் கத்தி என்று ஒன்று வெள்ளி நிற அலுமினியப் பிடியோடு கிடைத்தது. எனக்குத் தெரிந்த சுவிஸ் கத்தி எல்லாம் சிவப்பு. இது போலியா?
— வாசகர், பெங்களூரு

போலியாக இருக்காது. சொல்லப்போனால் இதுதான் உண்மையில் சிப்பாய்க்குக் கொடுத்த கத்தி.

சிவப்புப் பிடி, கார்க் திருகு எல்லாம் உள்ளது 'ஆபீசர் கத்தி'. சுவிஸ் கத்திக்காரர் கார்ல் எல்ஸனர் 1897இல் பதிவு செய்தது. ராணுவம் அதை யாருக்கும் வழங்கவில்லை. அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கிக்கொண்டார்கள். சிப்பாய்க் கத்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1890 மாதிரி என்பார்கள். கறுத்த மரப்பிடி, ஓர் அலகு, டப்பா திறப்பான், துளையிடும் ஊசி, ஸ்க்ரூ டிரைவர். அப்போது புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது, அதனால்தான் அது உள்ளே வந்தது. அவ்வளவு கத்திகளைச் செய்யச் சுவிட்சர்லாந்தில் அப்போது வசதி இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தில் செய்யப்பட்டது. 1891இலிருந்து எல்ஸனர் இபாக் என்ற ஊரிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். தாயார் விக்டோரியா 1909இல் இறந்தபோது அவர் பெயரையே முத்திரையாக வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபோது 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

உங்களிடம் இருப்பது 1961 மாதிரி. மூடிய நிலையில் 93 மி.மீ. நீளம் இருக்கும். அளந்து பாருங்கள், 91 என்றால் வேறு வகை. பிடியில் சின்னச் சின்ன மேடுகள், ஒரு பக்கம் சுவிஸ் சிலுவைக் கேடயம். கார்க் திருகு இருக்காது. பெரிய அலகின் அடியில் இரண்டு இலக்கம் இருக்கும். 78 என்றால் 1978. அது தயாரான வருஷம். பெயர் விக்டோரினாக்ஸாகவும் இருக்கலாம், வெங்கராகவும் இருக்கலாம். டெலெமோன் ஊரைச் சேர்ந்த வெங்கரும் பல பத்தாண்டுகள் ராணுவத்துக்குச் சரிபாதி கொடுத்தவர்கள். 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கிவிட்டது. அதனால் வெங்கர் பெயர் போட்டவற்றுக்கு இப்போது தனி மவுசு. இந்த 1961 மாதிரி 2008இல் புதிய பெரிய கத்தி வரும் வரை ஓடியது. தொடக்க வருஷங்களில் சிவப்பு அலுமினியப் பிடியோடும் கொஞ்ச காலம் செய்தார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

என் பிறந்த வருஷத்துக் கத்தி வேண்டும், மகளுடைய வருஷத்துக் கத்தி வேண்டும் என்று தேடுவதற்கு இதைவிடத் தோதான கத்தி கிடையாது. வருஷம் எஃகிலேயே அடித்திருக்கிறதே.

*

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வரும் 'லிமிடெட் எடிஷன்' கத்திகளை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பத்து வருஷத்தில் நல்ல முதலீடாகுமா?
— வாசகர், சென்னை

தம்பி, பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இரண்டு வகை 'சிறப்புப் பதிப்பு' இருக்கிறது. ஒன்றில் இத்தனைதான் செய்தோம் என்று எண் போட்டிருக்கும், 'ஐந்தாயிரத்தில் 312' என்பது போல. இன்னொன்றில் எண்ணிக்கை இருக்காது, அந்த வருஷம் முழுக்க விற்கும். விக்டோரினாக்ஸ் 2014 முதல் வருஷத்துக்கு ஒரு நிறத்தில் அலாக்ஸ் அலுமினியப் பிடிக் கத்திகளை விடுகிறதே, அது வருஷக் கணக்கில் வரையறுக்கப்பட்டது. அழகான கத்திகள்தான். ஆனால் வாங்குகிற எல்லோரும் உங்களைப் போலவே பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் பின்னாளில் அரிதாக எப்படி ஆகும்?

ரெமிங்டன் கதையைப் பாருங்கள். துப்பாக்கி செய்த அமெரிக்க நிறுவனம், முதல் உலகப் போர் முடிந்து ஆர்டர் குறைந்ததும் 1920 வாக்கில் மடக்குக் கத்திக்குள் இறங்கியது. பெரிய வேட்டைக் கத்திகளின் பிடியில் தோட்டா வடிவத்தில் ஒரு சின்னத் தகடு பதித்தார்கள். வாங்கியவர்கள் அதை வைத்து மானை உரித்தார்கள், கயிறு அறுத்தார்கள், ஆற்றில் தொலைத்தார்கள். அதனால்தான் அன்றைய தோட்டாக் கத்தி நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் இன்று போட்டி. 1982இல் அதே பெயர், அதே தோட்டாவோடு வருஷத்துக்கொன்று சேகரிப்பாளருக்கென்றே மறுபடி விட ஆரம்பித்தார்கள். அவை நன்றாகச் செய்தவை. ஆனாலும் பெட்டியோடு, காகிதத்தோடு, புத்தம் புதிதாக இன்றும் கிடைக்கின்றன. விலை முதல் தலைமுறைக் கத்திக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

எனவே என் யோசனை: மூன்று சிறப்புப் பதிப்பு வாங்கும் காசைச் சேர்த்து, சாதாரணமாகச் செய்யப்பட்டு, தப்பிப் பிழைத்த பழைய கத்தி ஒன்று வாங்குங்கள். சிறப்புப் பதிப்பில் ஒன்றையாவது பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அலாக்ஸ் பிடி உள்ளங்கையில் உட்காரும் விதமே தனி, அதை அனுபவிக்காமல் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களே!

பிராண்டு பெயரிலும் கவனம். ஷ்ரேட் என்பது நியூயார்க் மாநிலத்தின் பழைய பெயர். தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. பெயரை வேறொருவர் வாங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வந்தவை பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்டவை. பெயர் ஒன்று, கத்தி வேறு.

*

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறோம். அங்கே பழைய சாமான் சந்தைகள் உண்டாமே. என்ன பார்த்து வாங்கலாம்?
— வாசகர், திருச்சி

சரியான மாநிலத்துக்குத்தான் போகிறீர்கள். கேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக் கத்திகளின் ஊரான பிராட்ஃபோர்டு அங்கேதான் இருக்கிறது. ஸிப்போ லைட்டர் செய்கிறவர்களும் அதே ஊர். 1993இல் கேஸை அவர்கள்தான் வாங்கினார்கள்.

கேஸ் கத்தியை நான் புதியவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம், அதில் எல்லாமே எழுதியிருக்கும். அலகின் அடியில் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் பெரும்பாலும் ஓர் எண். உதாரணத்துக்கு 6254 என்று இருந்தால், முதல் 6 பிடி எதனால் ஆனது என்பது: கொத்து வேலை செய்த எலும்பு. 5 என்றால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். அடுத்த 2 அலகுகளின் எண்ணிக்கை. 54 என்பது வடிவம், 'டிராப்பர்' என்பார்கள். 6318 என்றால் எலும்புப் பிடி, மூன்று அலகு, 18ஆம் வடிவம். இரண்டு மூன்று கத்தி பார்த்தாலே பழகிவிடும்.

வருஷத்துக்குப் புள்ளிகள். 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருந்தால் 1940 முதல் 1964 வரை. அதோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்து, புள்ளி இல்லாமல் இருந்தால் 1965 முதல் 1969 வரை. 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி குறைந்து 1979இல் ஒன்றே ஒன்று. 1980இல் 'எஸ்' எழுத்தை மின்னல் மாதிரி நீட்டி, மறுபடி பத்துப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தார்கள். புள்ளியை எண்ணினால் வருஷம் வந்துவிடும். 'டெஸ்டட்' என்ற சொல் இருந்தால் 1940க்கு முந்தைய காலம். அதில் போலி அதிகம், முதல் பயணத்தில் வாங்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். விற்பவரிடம் 'திறந்து பார்க்கலாமா' என்று கேளுங்கள், அது மரியாதை. நகம் வைக்கும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து மெல்ல இழுங்கள். நல்ல ஸ்பிரிங் என்றால் வழி நெடுக ஒரே இறுக்கம் இருக்கும். கடைசியில் 'டக்' என்று போய் நிற்கும். மூடும்போதும் அதே சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லாமல் சோம்பலாகப் போனால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது என்று அர்த்தம். முழுக்கத் திறந்தபின் அலகை இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. பிடியின் முதுகை விரலால் தடவுங்கள். ஸ்பிரிங்கும் இரண்டு பக்கத் தகடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்புறம் கத்தியை வெளிச்சத்தில் காட்டி, கைப்பிடிக்கும் அதன் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா பாருங்கள்.

அலகு மாற்றிய கத்தியையும் கண்டுபிடிக்கலாம். ஓர் அலகு கறுத்து, மற்றொன்று வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிடியின் முனையில் உள்ள உலோகப் பூணில் இருக்கும் ஆணித் தலை புதிதாக மின்னினால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அலகு முழுக்கப் பள்ளம் விழுந்திருக்கும்போது முத்திரை மட்டும் நேற்று அடித்த மாதிரி கூர்மையாக இருந்தால், அது நேற்று அடித்ததாகவே இருக்கலாம்.

திரும்பி வரும்போது கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டியில், துணியில் சுற்றி வையுங்கள். மான் கொம்புப் பிடி வேண்டாம். ஏன் என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

*

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவருடைய லகியோல் கத்தியில் முதுகில் ஓர் ஈ இருக்கிறது. அசல்தானா?
— வாசகி, புதுச்சேரி

அது தேனீ. லகியோல் என்பது தெற்கு பிரான்சில் அவெரோன் பகுதியில் இருக்கும் ஊர். அந்தப் பெயரைப் போட்டு தியேர் நகரத்திலும் செய்தார்கள், பிற நாடுகளிலும் செய்தார்கள், எனவே பெயர் இருப்பதால் அசல் என்று ஆகாது. தேனீயும் ஸ்பிரிங்கும் ஒரே துண்டு எஃகில் அடித்ததா, தனியாக ஒட்டியதா என்று லென்ஸில் பாருங்கள். ஒரே துண்டு என்றால் நல்ல கை செய்தது. பிடியில் சின்ன ஆணிகள் சிலுவை வடிவத்தில் இருந்தால் அது ஆட்டிடையர் சிலுவை, பழைய வழக்கம். மூடும்போது விரலை விட்டுப் படீரென்று மூட விடாதீர்கள், விளிம்பு ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும்.

*

பெட்டியைத் திறந்தால் கற்பூர வாடை வருகிறது. ஒரு கத்தியின் பிடி வெடித்து நொறுங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளும் துருப்பிடிக்கின்றன. கடற்காற்றா காரணம்?
— வாசகர், தூத்துக்குடி

இதைப் படித்ததும் உடனே எழுந்து போய் அந்த ஒரு கத்தியை வெளியே எடுங்கள். கடற்காற்று இல்லை, செல்லுலாய்டு.

1900களின் முற்பாதியில் ஆமையோடு போலவும் முத்துச் சிப்பி போலவும் மின்னும் பிடிகள் பல செல்லுலாய்டில் செய்தவை. நைட்ரோ செல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்யும் பொருள் அது. வயதாகும்போது கற்பூரம் ஆவியாகி வெளியேறும், அதைத்தான் முகர்ந்திருக்கிறீர்கள். கூடவே அமில ஆவியும் கிளம்பும். மூடிய பெட்டிக்குள் அது தன் அலகைத் தின்று, அக்கம்பக்கத்துக் கத்திகளையும் தின்னும். பித்தளையில் திடீரென்று பச்சைக் களிம்பு, அலகில் பிடிக்குள் மறைகிற பகுதியில் மட்டும் துரு, பிடியில் நுணுக்கமான வெடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

இதை நிறுத்த வழி கிடையாது, தள்ளிப்போடலாம். அந்தக் கத்தியைக் காற்றோட்டமான அலமாரியில், வெயில் படாமல், தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுவதுதான் மோசமான வைத்தியம். விளக்கு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சடாரென்று பற்றும் பொருள். மற்ற கத்திகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். உங்கள் ஊரில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தேவை. தோல் உறைக்குள் எந்தக் கத்தியையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிடப் பயன்பட்ட உப்பும் அமிலமும் அதில் இருக்கும்.

*

லண்டனில் இருக்கிறோம். பிரான்சுக்குச் சுற்றுலா போனபோது 8ஆம் எண் ஓப்பினெல் மடக்குக் கத்தி வாங்கினேன். பூங்காவுக்குப் போகும்போது பழம் நறுக்க எடுத்துப் போகலாமா?
— வாசகி, ஹாரோ

வேண்டாம் அம்மா. பிரிட்டனில் காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் விடுவது, 3 அங்குலத்துக்கு மேற்படாத விளிம்புள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தியை மட்டுமே. உங்கள் 8ஆம் எண் நீளத்திலும் தாண்டுகிறது, பூட்டும் இருக்கிறது. அலகின் அடியில் சுழலும் எஃகு வளையம் இருக்கிறதே, அதுதான் பூட்டு. ஜோசப் ஓப்பினெல் 1890இல் சவோய் மலைப்பகுதியில் இந்தக் கத்தியைத் தொடங்கியபோது வளையம் கிடையாது, 1955இல்தான் சேர்ந்தது. அவர்களுடைய சின்ன எண்களில் இன்றும் வளையம் இல்லை. 5ஆம் எண்ணில் 6 செ.மீ. அலகு, பூட்டில்லை. பழத்துக்கு அது போதும். 8ஆம் எண் வீட்டுச் சமையலறையில் இருக்கட்டும்.

*

இந்தியாவில் பழைய மடக்குக் கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?
— வாசகர், மதுரை

ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ, 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்தால்தான் கத்தி ஆயுதக் கணக்கில் வருகிறது. வீட்டு வேலை, விவசாயத்துக்கானவை அதிலும் சேராது. பேனாக்கத்தி அந்த அளவுக்குக் கிட்டவே வராது. ஆனால் பட்டனை அமுக்கினால் தானாகத் திறக்கிற கத்தி வேறு விஷயம். அதற்குத் தனி அறிவிக்கைகள் உண்டு. டெல்லியில் சின்ன அளவுக்கே கட்டுப்பாடு இருக்கிறது. பட்டன் வைத்த ராம்பூர் கத்தியின் மேல் ஆசைப்படுகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். எதுவானாலும் கூட்டம், ஊர்வலம், கோர்ட்டு, விமான நிலையம் பக்கம் பையில் கத்தியோடு போகாதீர்கள்.

*

கடமான் கொம்புப் பிடி போட்ட ஸோலிங்கன் கத்தி என்னிடம் இருக்கிறது. விற்கலாமா?
— வாசகர், நீலகிரி

அனுமதி இல்லாமல் விற்காதீர்கள். ஷெஃபீல்டும் ஸோலிங்கனும் அமெரிக்காவும் பல காலம் விரும்பி வாங்கியது நம் காட்டுக் கடமானின் கொம்பைத்தான். மற்ற மான் கொம்பின் நடுவே பஞ்சு போலச் சதை இருக்கும். கடமான் கொம்பு கெட்டி, ஆணி அடித்தாலும் பிளக்காது. 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் கத்திக்காரர்கள் எலும்புக்கும் வேறு மான் வகைகளுக்கும் மாறினார்கள். பழைய கடமான் பிடிகளுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது அதனால்தான். அந்த விலையைப் பார்த்து இங்கிருந்து அனுப்ப நினைத்தால் வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். காடு நமக்கு வேண்டும், அந்தச் சட்டமும் வேண்டும். வனத்துறையைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

*

பத்து வயது மகளுக்கு என் சேகரிப்பின் மேல் ஆசை வந்திருக்கிறது. அவளுக்கு முதல் கத்தியாக எதை வாங்கித் தரலாம்? விலை குறைவாக இருந்தால் நல்லது.
— வாசகர், கும்பகோணம்

ரொம்ப சந்தோஷம். பழைய கத்தி வேண்டாம். ஓப்பினெலில் குழந்தைகளுக்கென்றே முனை மழுங்கிய 7ஆம் எண் இருக்கிறது. வளையப் பூட்டு உண்டு, விரலில் விழாது. அதை வாங்குங்கள்.

கொஞ்சம் பெரியவளானதும் ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹ்யோகோ மாகாணத்து மிகி ஊர்க் கத்தி. ஒரே தகட்டை மடித்த பிடி, பூட்டும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. அலகின் பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பென்சில் சீவ இதைத்தான் வைத்திருந்தார்கள். 1960இல் சோஷலிஸ்ட் தலைவர் அசானுமாவை மேடையிலேயே ஓர் இளைஞன் வாளால் குத்திக் கொன்ற பிறகு, பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று இயக்கம் கிளம்பியது. ஊர் நிறைய இருந்த பட்டறைகள் மூடிக்கொண்டே வந்தன. இன்று அந்தப் பதிவுப் பெயரில் செய்வது நாகாவோ குடும்பம் மட்டும்தான். இப்படி ஒரு கத்திக்கு இன்னும் பெரிய விலை இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். கிடைக்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று அவளுக்கு, ஒன்று உங்களுக்கு.

முதலில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பென்சில் மட்டும் சீவச் சொல்லுங்கள், எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக. சீவி முடித்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடி வைக்கும் வேலையும் அவளுடையதாகவே இருக்கட்டும்.